பாரமில்லை, புகையில்லை, சத்தமில்லை

மலைக்குப் போகிறவர்கள் எதை வேண்டுமானாலும் கட்டிக்கொண்டு போகட்டும். சக்கை வரட்டி என்கிற பலகாரத்தை மட்டும் கொண்டுபோகக் கூடாது. முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டே இதைப் படிக்கிற என் வயதுக்காரர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள். நான் சொன்னால் என் பேத்தி சிரிக்கிறாள்.

அவள் அகத்தியர்மலைக்குப் போகிறாளாம். கூடம் முழுக்கச் சாமான்களைப் பரப்பி வைத்திருந்தாள். அதில் காலைச் சாப்பாட்டுக்கு மட்டும் தனிக் குவியல். வெந்நீர் ஊற்றினால் உப்புமா ஆகிவிடுகிற டப்பா, ஓட்ஸ் பொட்டலம், பேரீச்சம்பழத்தையும் கடலையையும் சேர்த்து அமுக்கிய செங்கல் மாதிரி ஒன்று. ஒவ்வொன்றையும் தராசில் வைத்து எடை பார்த்தாள். தங்கம் நிறுக்கிறவன்கூட அப்படிக் கண்ணைச் சுருக்க மாட்டான்.

"பாரம் குறையணும் அம்மாச்சி, அதாக்கும் முக்கியம்" என்றாள்.

"பாரம் குறைஞ்சா மட்டும் போதுமா பிள்ளே?"

"வேற என்ன வேணும்?"

கேட்டாளே ஒரு கேள்வி! அதற்கு நின்றுகொண்டே பதில் சொல்லிவிட முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் வீடு பாறசாலைக்குப் பக்கம். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். அம்பூரிக்கு மேலே, ஊர் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் அவருக்குக் கொஞ்சம் தோட்ட நிலம் இருந்தது, விளை என்போம். அதில் மரச்சீனி, அதாவது மரவள்ளி, போட்டிருந்தார். மரச்சீனிக் கிழங்கு என்றால் காட்டுப் பன்றிகளுக்குக் கல்யாண வீடு. குடும்பம் குடும்பமாக இறங்கி வந்து, மூக்கால் உழுது, தின்றதைவிட நாசமாக்கியது அதிகம் என்று வைத்துவிட்டுப் போகும். அப்பாவிடம் ஒரு துப்பாக்கி இருந்தது. அந்தக் காலத்தில் அதற்கு அனுமதியும் இருந்தது. இன்றைக்கு வேட்டை என்ற வார்த்தையைச் சொன்னாலே பேத்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். அவள் பக்கமும் நியாயம் உண்டு, நான் மறுக்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். அப்பா சுட்டு ஒரு பன்றியும் செத்ததாக எனக்கு நினைவில்லை. எல்லாப் பன்றிகளையும் அப்பாவின் காலைப் பலகாரம்தான் காப்பாற்றியது.

முதல் தடவை அம்மா பொதிச்சோறு கட்டிக் கொடுத்தாள். வாட்டின வாழையிலையில் சோறு, மீன்கறி, தேங்காய்த் துவையல். சுமந்துகொண்டு மேடேறியதில் தோள் இற்றுப்போனதுதான் மிச்சம். மறுநாள் காலையில் பொதியைப் பிரித்தால் சோறு புளித்துப் பொங்கியிருந்தது. வெறும் வயிற்றோடு இறங்கி வந்தார். இரண்டாம் தடவை புட்டு மாவும் குழலும் கொண்டுபோனார். காட்டுக்குள்ளே கல்லைக் கூட்டி, பச்சை விறகை ஊதி ஊதி எரித்து, புட்டு வெந்து வருவதற்குள் அந்த மலைச்சரிவு முழுக்கப் புகை. எந்தப் பன்றி அதைப் பார்த்துவிட்டு வா வா என்று கூப்பிட்டதாக நினைக்கும்? மூன்றாம் தடவை வெளிச்செண்ணெயில், அதுதான் தேங்காயெண்ணெயில், பொரித்த மரச்சீனி வற்றல். பாரமில்லை, தீ வேண்டாம். பன்றியும் பக்கத்தில் வந்துவிட்டது. அப்பா பதற்றத்தில் வாயிலிருந்த வற்றலைக் கடித்துவிட்டார்.

"ஒரே கடியாக்கும். காடே கேட்டுது" என்று வீட்டில் வந்து சொன்னபோது அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுக்களைக்குள்ளிருந்து மாமிதான் வாய்விட்டுச் சிரித்தாள்.

"அண்ணா, பாரம் ஆவக்கூடாது. புகை ஆவக்கூடாது. சத்தமும் ஆவக்கூடாது. இவ்வளவுதானே? நான் உண்டாக்கித் தாறேன்" என்றாள்.

மாமி என்றால் அப்பாவின் தங்கை. மாமியைப் பற்றி எதைச் சொல்ல வந்தாலும் உயரத்தைச் சொல்லாமல் தொடங்க முடியாது. நெட்டை என்றால் சும்மா நெட்டை இல்லை. எங்கள் வீட்டு வாசல்படியில் குனியாமல் அவளால் நுழைய முடியாது. பரண்மேல் இருக்கிற வெண்கல உருளியை ஸ்டூல் போடாமல் எடுப்பாள். கடையில் வாங்குகிற எந்தச் சேலையும் அவளுக்குக் கணுக்கால் வரைதான் வரும், அதற்குக் கீழே வராது. அப்பாவோ குள்ளம். அண்ணனும் தங்கையும் சேர்ந்து நடந்தால் பார்க்கிறவர்கள் யார் மூத்தது என்று கேட்பார்கள்.

பெண் பார்க்க வந்தவர்கள் எத்தனையோ பேர். எல்லாரும் பலகாரம் தின்றார்கள், காப்பி குடித்தார்கள், மாமி எழும்பி நின்றதும் போய்விட்டார்கள். "பனை மாதிரி வளர்ந்திருக்கா. ஏணி வச்சாக்கும் தாலி கெட்டணும்" என்று ஒருத்தர் முற்றத்தில் நின்றே சொன்னார். மாமிக்கும் கேட்டது, எனக்கும் கேட்டது. அதற்குப் பிறகு அப்பா ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு ஆள் வந்தால், வலது உள்ளங்கையைக் கீழே பார்க்கத் திருப்பி, கூடைக்குள் கோழிக்குஞ்சை அமுக்குகிற மாதிரி மெல்ல அமுக்கிக் காட்டுவார். உட்கார்ந்தே இரு, எழும்பாதே என்று அர்த்தம். மாமி இருந்துவிடுவாள். கோயிலில், எங்களுக்குக் கோயில் என்றால் சர்ச், அங்கேகூடக் கடைசி வரிசையில்தான் நிற்பாள். பாட்டுக்கு எல்லாரும் எழும்பும்போது முழங்காலை மடக்கிப் பாதி எழும்பி நிற்பாள். பாட்டு நீளமானால் அவள் கால் நடுங்குவது எனக்குத் தெரியும். அப்பா கெட்டவர் இல்லை. தங்கையின்மேல் உயிரையே வைத்திருந்தார். அந்தப் பாசத்தில்தான் அவளை அமுக்கி அமுக்கி வைத்தார் என்று இப்போது தோன்றுகிறது.

அந்தக் கோடை விடுமுறையில்தான் கம்பவுண்டர் வந்தார். உதியன்குளங்கரையில் ஒரு டாக்டரிடம் மருந்து கலக்கிக் கொடுக்கிற வேலை. கல்யாண வயது கொஞ்சம் தாண்டிவிட்டது. ஆளும் அப்பாவைப் போலவே குள்ளம். வீட்டுக்கு வந்து பெண் பார்த்தபோது மாமி மடியில் துணியை வைத்துத் தைத்துக்கொண்டே இருந்தாள், எழும்பவேயில்லை. அவருக்குப் பிடித்த மாதிரி இருந்தது, ஆனால் முடிவாக ஒன்றும் சொல்லவில்லை. அப்பா உடனே ஒரு திட்டம் போட்டார். கம்பவுண்டரை வேட்டைக்கு அழைப்பது. விளையில் இருந்த மலைக் குடிசைக்கு மாமியையும் துணைக்கு என்னையும் கூட்டிப்போவது. மாமியின் கைப்பக்குவத்தில் ஆளை மடக்கி, கோயிலில் கல்யாண அறிவிப்பை, அதாவது ஓலையை, வாசிக்கச் செய்துவிடுவது.

"ஓலை வாசிச்சாச்சுன்னா பின்னே பின்வாங்க முடியாது" என்றார்.

"கல்யாணத்தன்னைக்கு அவ எழும்பி நிக்க மாட்டாளா?" என்று அம்மா கேட்டாள். அம்மாவுக்குக் கைக்குழந்தை, அவளால் மலைக்கு வர முடியாது.

"அது அப்போ பாக்கலாம்" என்றார் அப்பா. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவர் போட்ட கணக்கு இது!

கம்பவுண்டர் வருவதற்கு முந்தின நாளே நாங்கள் மூன்று பேரும் குடிசைக்குப் போய்விட்டோம். அது சக்கைக் காலம். பலாப்பழத்தைத்தான் எங்கள் பக்கத்தில் சக்கை என்போம். விளையின் ஓரத்து மரத்தில் அடியிலிருந்து நுனிவரை காய்த்துத் தொங்கியது. மாமி சுளை கெட்டியான வரிக்கச் சக்கையாகப் பார்த்து அறுத்தாள். சுளைகளை வேகவைத்து, உரலில் இடித்து, உருளியில் கருப்பட்டிப் பாகோடு போட்டுக் கிளறத் தொடங்கினாள். கிளறினாள், கிளறினாள், மதியம் தொடங்கியது சாயங்காலம் ஆகியும் கிளறினாள். மஞ்சளாக இருந்தது செம்மண் நிறமாகி, பிறகு கறுத்து, உருளியை விட்டுச் சுருண்டு வந்தது. அதுதான் சக்கை வரட்டி. சாதாரணமாக அதோடு நிறுத்துவார்கள். மாமி நிறுத்தவில்லை. வறுத்த அரிசி மாவு, வறுத்த தேங்காய்ப்பூ, சுக்கு, சீரகம் எல்லாம் போட்டுப் பிசைந்து எலுமிச்சங்காய் அளவுக்கு உருட்டினாள். ஒவ்வொன்றையும் வாட்டின இலையில் பொதிந்து வாழைநாரால் கட்டினாள். நான் ஒன்றை வாயில் போட்டேன். கடிக்கவே வேண்டாம், தானாகக் கரைந்தது. அதன் இனிப்பு முதலில் வந்தது, சுக்குக் காரம் பிறகு மெதுவாக நெஞ்சுக்குள் இறங்கியது. அதற்கப்புறம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது எனக்குப் பசியே இல்லை.

"எப்படி உண்டு மக்கா?"

"இன்னொண்ணு தா மாமி."

"ஒண்ணு தின்னா உச்சிப்பொழுது வரைக்கும் பசிக்காது. ரெண்டு தின்னா நீ உருண்டுதான் போவணும்."

பாரமில்லை. புகையில்லை. சத்தமில்லை. அப்பா ஒன்றைக் கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். சத்தம் வருகிறதா என்று காதைக் கூர்மையாக்கி மென்று பார்த்தார். "எட்டி, நீ ஆளு கொள்ளாம்" என்று மெச்சினார். மாமி முகம் அப்படி மலர்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கம்பவுண்டர் மறுநாள் சாயங்காலம் ஒரு துணிப்பையோடு வந்து சேர்ந்தார். மாமி அடுப்புக்கு முன்னால் பலகையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். அந்த நேரத்திலிருந்து அந்தக் குடிசையில் நடப்பதற்கென்று இருந்த கால்கள் என்னுடையவை மட்டும்தான். தண்ணீர் எடுக்க நான், விறகு எடுக்க நான், இலை போட நான். மாமி ஒரு பொருளுக்காகக் கொஞ்சம் எழும்பப் போனாலும் அப்பாவின் உள்ளங்கை கீழே இறங்கும். வெளியே போக வேண்டும் என்றால் அப்பா கம்பவுண்டரை அழைத்துக்கொண்டு போய் ஏதாவது மரத்தைக் காட்டுவார். அந்த மரத்தின் பெயர், பூ, காய், பட்டை என்று மாமி திரும்பி வந்து உட்காருகிறவரை பாடம் நடக்கும்.

கம்பவுண்டர் குளித்துவிட்டு வந்து தலை துவட்டிய ஈரத் துவர்த்தை உலரப்போடக் கொடியைத் தேடினார். முற்றத்தில் கொடி இருந்தது. கையை நீட்டினார், எட்டவில்லை. குதிகாலை உயர்த்திப் பார்த்தார், எட்டவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் துவர்த்தைச் செடிமேல் விரித்தார். கொடியைக் கட்டியது மாமி.

அடுத்த நாள் காலை இரண்டு பேரும் உருண்டைகளைக் கட்டிக்கொண்டு மேட்டுக்கு ஏறிப் போனார்கள். உச்சிப்பொழுதில் திரும்பி வந்தார்கள். பன்றி வரவில்லை. ஆனால் கம்பவுண்டருக்கு அதைப் பற்றிக் கவலையே இருந்ததாகத் தெரியவில்லை.

"அண்ணா, இது பலகாரமல்ல, மருந்தாக்கும். ஒரு குப்பி டானிக்குக்கு உள்ள சக்தி ஒரு உருண்டையிலே உண்டு" என்றார்.

மாமி தலையைக் குனிந்துகொண்டு அடுப்பை ஊதினாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

அன்று ராத்திரி பன்றிகள் விளையின் மேல்கோடியில் வந்து கிழங்கு தோண்டிவிட்டுப் போயிருந்தன. அதனால் மறுநாள் விடியும்போதே ஆண்கள் இரண்டு பேரும் அங்கே காவலிருந்தார்கள். அப்பா துப்பாக்கியோடு ஒரு மரத்துப் பரணில். கம்பவுண்டர் கொஞ்சம் தள்ளி ஒரு பாறைமேல், காட்டுக்கு முதுகு காட்டிக்கொண்டு, மரச்சீனியைப் பார்த்தபடி. பக்கத்தில் அவருடைய துணிப்பை. பை புடைத்திருந்தது. மீதியிருந்த உருண்டை அத்தனையையும் அவர் எடுத்துப்போயிருந்தார், பாவம், ஆசைப்பட்டு. குடிசை முற்றத்திலிருந்து பார்த்தால் இரண்டு பேரும் தெரிவார்கள். மாமி முற்றத்தில் உட்கார்ந்து உருளியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் மணல் அள்ளிக் கொடுத்தேன்.

மாமியின் கை நின்றது.

நான் நிமிர்ந்தேன். பாறைக்குப் பின்னால் காடு கொஞ்சம் கறுப்பாக இருந்தது. அந்தக் கறுப்பு அசைந்தது. பிறகு அதற்கு ஒரு நெற்றி வந்தது, இரண்டு கொம்பு வந்தது. கர்த்தாவே! ஒரு சுள்ளி முறிகிற சத்தம் இல்லை. அத்தனை பெரிய உடம்பு, காற்று வருகிற மாதிரி வந்து நின்றது. ஒற்றை ஆனை. தும்பிக்கையை உயர்த்தி இப்படியும் அப்படியும் மோந்தது. பிறகு நேராகப் பாறையை நோக்கி ஓரடி வைத்தது.

அப்போதுதான் மாமிக்கு விளங்கியது. எனக்கும் விளங்கியது. பாரத்தை யோசித்தோம், புகையை யோசித்தோம், சத்தத்தை யோசித்தோம். மணத்தை ஒருத்தரும் யோசிக்கவில்லை. எப்படி யோசிப்போம்? சக்கைக் காலத்தில் எங்கள் ஊரில் வீடு மணக்கும், தெரு மணக்கும், தொட்டில் குழந்தை மணக்கும். நாலு நாளில் மூக்கு அதை மறந்துவிடும். வெளியூர்க்காரன் யாராவது வந்து என்ன மணம் என்று வியந்தால், என்ன மணம் என்று நாங்கள் திருப்பிக் கேட்போம். ஆனை அதை மறக்குமா? அதற்கு இந்த உலகத்தில் சக்கையைவிடப் பெரிய விருந்து உண்டா?

மாமி எழும்பினாள்.

எழும்பினாள் என்றால், முழுசாக எழும்பினாள். இரண்டு நாள் மடக்கி வைத்திருந்த கால்களை நீட்டி, முதுகை நிமிர்த்தி, தலையை உயர்த்தி. மாமி அவ்வளவு உயரம் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. கூச்சல் போடவில்லை. ஓடவில்லை. மரச்சீனி வரப்பின் வழியே மேலே நடந்தாள். நான் அவள் உடுத்திருந்த முண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். போகக் கூடாது என்று தெரியும். விட்டுவிட்டு நிற்க அதைவிடப் பயமாக இருந்தது.

கம்பவுண்டர் முதலில் மாமியைத்தான் பார்த்தார். வாய் திறந்தது. திறந்த வாய் மூடவில்லை.

மாமி சாதாரணக் குரலில், சோற்றுக்குக் கூப்பிடுவதுபோலச் சொன்னாள்: "கம்பவுண்டரே, ஓடாதீங்க. பையை அங்கேயே வச்சிட்டு, பையப்பைய எறங்கி இங்கோட்டு வாங்க."

அவர் மாமியின் கண் போன இடத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. இறங்கி வந்து மாமிக்குப் பின்னால், என் பக்கத்தில் நின்றார்.

மரத்துமேல் அப்பா. துப்பாக்கி கையில் இருந்தது, ஆனால் அதிலிருந்தது பன்றித் தோட்டா. அது பட்டால் ஆனை சாகாது, கோபம் மட்டும் வரும். அப்பா சுடவில்லை. மாமியைப் பார்த்து உள்ளங்கையைக் கீழே அமுக்கினார். மறுபடியும் அமுக்கினார். மறுபடியும். ஆனையிடமிருந்து ஒளிந்துகொள் என்று சொன்னாரா, கம்பவுண்டர் பார்க்கிறார் இரு என்று சொன்னாரா? அது இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. கடைசிவரை அவரிடம் கேட்கவும் எனக்கு மனம் வரவில்லை.

மாமி உட்காரவில்லை.

ஆனை பையை எடுத்தது. தூக்கி ஒரு உதறு உதறியது. உருண்டைகள் பாறைமேல் உருண்டோடின. அவற்றை ஒவ்வொன்றாகத் தும்பிக்கை நுனியால், முத்துப் பொறுக்குகிற மாதிரி எடுத்து, இலையோடு நாரோடு வாய்க்குள் போட்டது. அவசரமே இல்லை. ஒன்று பாறை இடுக்கில் விழுந்துவிட்டது. அதையும் துழாவி எடுத்தது. காது மெல்ல அசைந்துகொண்டிருந்தது. நெற்றியில் விடியல் வெயில் பட்டு ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரிந்தது. நான் பயத்தை மறந்துவிட்டேன். இத்தனை பெரிய ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறது, அது எங்கள் மாமி உருட்டின உருண்டையைக் கண்ணை மூடி மூடித் தின்கிறது. அதற்குப் பிறகு எத்தனையோ பார்த்திருக்கிறேன், எத்தனையோ ஊர் போயிருக்கிறேன். அந்த மாதிரி வாயடைத்துப் போனது ஒன்றுக்கும் இல்லை.

பை காலியானது. ஆனை தும்பிக்கையை நீட்டி எங்கள் பக்கம் மோந்தது. மாமியின் கை, முண்டு, தலைமுடி எல்லாமே வரட்டி மணந்திருக்க வேண்டும். எங்களை நோக்கி ஓரடி வைத்தது. இன்னும் ஓரடி வைத்தது. கம்பவுண்டர் என் தோளை இறுக்கிப் பிடித்தார். மாமி அசையவில்லை, குனியவில்லை. இரண்டு கைகளையும் விரித்து, வெறும் உள்ளங்கைகளை அதற்குக் காட்டினாள்.

"இனி இல்ல மக்கா" என்றாள். "தீந்துபோச்சு."

பலகாரம் கேட்டு அடுக்களையில் வந்து நிற்கும்போது என்னிடம் சொல்வாளே, அதே குரல். ஆனை கொஞ்ச நேரம் நின்றது. மாமியைப் பார்த்தது. மாமியும் அதைப் பார்த்தாள். பிறகு அது திரும்பி, வந்த மாதிரியே சத்தமில்லாமல் காட்டுக்குள் போய்விட்டது. கொடிகள் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தன.

அப்பா மரத்திலிருந்து இறங்கி வந்தார். உயிர் தப்பியதை எல்லாம் விட்டுவிட்டு அவர் முதலில் சொன்னது என்ன தெரியுமா?

"கம்பவுண்டரே, மறைக்கணும்னு நெனைக்கல்ல. தங்கச்சி கொஞ்சம் உயரம். நீங்க தப்பா எடுக்காதீங்க."

கம்பவுண்டருக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "அண்ணா, அது நான் வந்த அன்னைக்கே கண்டாச்சு. முற்றத்துக் கொடியிலே துவர்த்து போட எனக்கு எட்டல்ல. உங்களுக்கும் எட்டாது. பின்னே அதை யாராக்கும் கெட்டினது?"

அப்பா முற்றத்துக் கொடியைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு வேற ஒரு சங்கடமாக்கும் இருந்தது" என்றார் கம்பவுண்டர். "வீட்டுக்கு வந்தப்பவும் எழும்பல்ல, இங்கேயும் எழும்பல்ல. காலு வய்யாத்த பெண்ணுன்னு நெனச்சேன். ராத்திரி முழுக்க அதையே ஆலோசிச்சேன். பரவாயில்ல, காலு வய்யாட்டாலும் நான் பாத்துக்கலாம்னு விடியுறதுக்கு முன்னே தீருமானம் பண்ணியாச்சு. உங்ககிட்டே சொல்லத்தான் இருந்தேன். அதுக்குள்ளே ஆனை வந்துட்டு."

எங்கள் குடும்பத்தைப் போல இப்படி ஒரு காரியத்தை வேறு யாராவது செய்வார்களா? நல்ல காலோடு இருக்கிற பெண்ணை உயரத்தை மறைக்கிறோம் என்று நொண்டியாக்கி வைத்திருந்தோம். அப்பா அப்படியே பாறைமேல் உட்கார்ந்துவிட்டார்.

மாமி அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நேராகக் கம்பவுண்டர் முன்னால் போய் நின்றாள். அவருடைய தலை அவள் தோளுக்கு வந்தது.

"ஒண்ணு கேக்கணும். கோயில்ல பக்கத்திலே நிக்கும்போ என்னைக் குனியச் சொல்லுவீங்களா?"

"எதுக்குச் சொல்லணும்? நான் கொஞ்சம் அண்ணாந்து பாத்தா தீந்துது" என்றார். பிறகு கூச்சத்தோடு சேர்த்துக்கொண்டார். "ஆஸ்பத்திரியிலே மேல்தட்டுக் குப்பி ஒண்ணும் எனக்கு எட்டாது. ஸ்டூலிலே ஏறி ஏறி முட்டு போச்சு."

மாமி சிரித்தாள். பன்றி, ஆனை, மலை எதற்கும் பயப்படாமல் உரக்கச் சிரித்தாள்.

ஆனை உதறிய அந்தத் துணிப்பையை மாமி ஆற்றில் அலசி அதே கொடியில் போட்டாள். எச்சில் கறை போகவேயில்லை. ரொம்ப நாள் அவர்கள் வீட்டில் ஆணியில் தொங்கியது. பிறகு எப்போது காணாமல் போனது என்று எனக்குத் தெரியாது. அப்பா அதோடு வேட்டைக்குப் போவதை விட்டார். பன்றிகள் தாராளமாகத் தின்றன.

கல்யாணத்துக்கு முன்னால் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு பாலராமபுரத்துக்குப் போனார். தறிக்காரரிடம் சரிகைக் கரை போட்ட கசவுச் சேலை சொல்ல வேண்டும். வழக்கமான அகலம் போதாது, இன்னும் ஒரு சாண் கூட்டி நெய்ய வேண்டும் என்றார். தறிக்காரர் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார்.

"அதுக்குத் தறியையே மாத்தணுமே அண்ணாச்சி. யாருக்காக்கும்? ஆனைக்கா?"

நான் அப்பா முகத்தைப் பார்த்தேன். கோபம் வரும் என்று நினைத்தேன்.

"என் தங்கச்சிக்கு" என்றார் அப்பா. "அவ நிமிர்ந்து நிக்கிறவளாக்கும்."

கல்யாணத்தன்று கோயில் நிறைந்திருந்தது. போதகர் ஜெபம் சொல்லும்வரை மாப்பிள்ளையும் பெண்ணும் முட்டுப்போட்டிருந்தார்கள். ஜெபம் முடிந்தது. மாப்பிள்ளை எழும்பினார். மாமி எழும்பினாள், எழும்பிக்கொண்டே இருந்தாள். கசவுக்கரை முதல் தடவையாக அவள் பாதத்தைத் தொட்டது. சபை மொத்தமும் அண்ணாந்து பார்த்தது. ஒரு இருமல் சத்தம் இல்லை. ஆனை வந்து நின்ற அந்தக் காலையில் இருந்த அதே அமைதி.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவருடைய வலது கை மடியிலிருந்து மெல்ல எழும்பியது. பழக்க தோஷம், உள்ளங்கை கீழே திரும்பப் போகிறது என்று அம்மாவும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. கிழக்கு ஜன்னல் வெயில் கண்ணில் அடித்தது. அப்பா அந்தக் கையை நெற்றிமேல் வைத்துக்கொண்டு, தன் தங்கையை அண்ணாந்து பார்த்தார்.